டேலியாவைக் கோடை தாண்டிக் காப்பாற்ற முடியுமா? விதை எடுப்பதா, கிழங்கை எடுத்து வைப்பதா?

விஜயமங்கலம் வாசல்:

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளிக்கு முன்னால் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் டேலியா நாற்று வாங்கி வந்து, பாதியைத் தொட்டியிலும் மீதியை வாசல் ஓரத்துச் செம்மண்ணிலும் வைத்தேன். மார்கழியும் தையும் பூத்துத் தள்ளிவிட்டது. அதில் ஒன்று கருஞ்சிவப்பு அடுக்குப் பூ, அவ்வளவு பெரிது, வீட்டுக்கு வந்த ஒறம்பரை எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனார்கள். இன்னொன்று மஞ்சள் ஒற்றைப் பூ, காலையில் தேனீ மொய்க்கும்.

இப்போது மாசி பாதி தாண்டிவிட்டது. இலை ஓரம் காய ஆரம்பித்துவிட்டது, பூவும் சிறுத்துவிட்டது. நர்சரியில் கேட்டால் இது சீசன் செடி, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வருடம் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. யூடியூபில் தேடினால் எல்லோரும் உறைபனி விழுவதற்கு முன் கிழங்கைத் தோண்டுங்கள் என்கிறார்கள். நமக்கு உறைபனி ஏது, வரப்போவது பங்குனி வெயில்தானே. நம் ஊர்க் கணக்குக்கு எப்போது தோண்டுவது, எங்கே வைப்பது? காய்ந்த பூவில் விதை இருக்குமா, அதைப் போட்டால் அதே கருஞ்சிவப்பு வருமா? வளர்த்த அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


பேரூர்ப் பொடக்காணி:

அம்மிணி, தூக்கிப் போட வேண்டாம். அதே கருஞ்சிவப்பு வேண்டுமென்றால் கிழங்கு, இல்லையென்றால் கட்டிங், அதாவது தண்டுத் துண்டை வெட்டி நடுவது, இரண்டே வழிதான். விதையில் அதே பூ வரவே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான செடிகளுக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதிதான் இருக்கும், டேலியாவுக்கு எட்டுத் தொகுதி, மொத்தம் 64, ஒவ்வொரு விதையிலும் அது வேறு மாதிரி கலந்து சேரும். அதோடு தன் மகரந்தத்தில் தானே விதை பிடிப்பதும் குறைவு, தேனீ அடுத்த செடியிலிருந்து எதைக் கொண்டுவந்து சேர்க்கிறதோ அதுதான் விதையாகிறது. உங்கள் கருஞ்சிவப்பில் எடுத்த பத்து விதை பத்து விதமாகப் பூக்கும், அதில் பாதிக்கு மேல் நடுவட்டம் தெரிகிற ஒற்றைப் பூவாகவே இருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நான் விதைக்காரி. கிழங்கு வாங்கினால் யாரோ குளிர்ந்த ஊரில் தேர்ந்தெடுத்த செடிதான் நம் கைக்கு வருகிறது. விதை போட்டு வளர்த்து, மாசி வெயில் வரை இலை கருகாமல் நிற்கிற செடியில் மட்டும் மறுபடி விதை எடுத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு வந்தால் நம் மண்ணுக்கும் நம் போர் தண்ணீருக்கும் தோதான செடி நம் வீட்டிலேயே உருவாகிவிடும். எங்கள் பொடக்காணியில், அதாவது கொல்லைப்புறத்தில், இப்போது நன்றாக நிற்பவை எல்லாம் விதையில் வந்தவைதான். பூ வியாபாரத்துக்கு வேண்டுமானால் அடுக்குப் பூ முக்கியமாக இருக்கலாம், வீட்டுக்கு ஒற்றைப் பூ ஒரு குறையும் கிடையாது, தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அதற்குத்தான் வரும்.

விதைக்கு எந்தப் பூவை விடுவது என்றால், உங்கள் மஞ்சள் ஒற்றையில் எந்தப் பூவை விட்டாலும் விதை பிடிக்கும். அடுக்குப் பூவில் நடுவட்டம் இதழுக்குள் புதைந்திருப்பதால் தேனீயால் எட்ட முடியாது, அதனால் பெரும்பாலும் பதர்தான். ஆனால் பகல் குறைவாக இருக்கும் மார்கழி, தையில் அடுக்குப் பூ கூடக் கொஞ்சம் விரிந்து நடுவில் மஞ்சளைக் காட்டும், பார்த்திருப்பீர்கள். பூ கெட்டுவிட்டது என்று அதைக் கிள்ளிப் போடுவார்கள், அடுக்கில் விதை எடுக்க அந்தப் பூதான் நல்லது. பூ மலர்ந்ததிலிருந்து விதை முற்ற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தை கடைசியில் மலர்ந்ததை விட்டிருந்தீர்கள் என்றால் பங்குனியில் கிடைக்கும். செடிக்குத் தண்ணீரை அதுவரை நிறுத்திவிடாதீர்கள்.

காய்ந்த இதழை மட்டும் மெதுவாக உருவி எடுத்துவிடுங்கள். நனைந்த இதழ் ஒட்டிக்கொண்டிருந்தால் அதிலிருந்து பூஞ்சணம் பிடித்து உள்ளே விதையும் போய்விடும், மாசியில் எங்காவது ஒரு மழை வந்துவிடுகிறதே.


கோத்தகிரி மேடு:

கிழங்கைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் மேட்டில் டேலியா வேலியோரத்தில் தானாகவே வருடா வருடம் வரும், தோண்டி எடுத்து வைப்பவர்கள் குறைவு. நீங்கள் கீழே இருப்பவர்கள், உங்கள் கணக்கு தனி.

இந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோ மலை. 1789 வாக்கில் அங்கிருந்து ஸ்பெயினில் மாட்ரிட் தோட்டத்துக்குப் போய், 1791ல் கவனிலஸ் என்ற தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன்காரர் நினைவாக அதற்கு டேலியா என்று பெயர் வைத்தார். அதன் ஊரில் மழைக்காலத்தில் வளர்ந்து பூத்துவிட்டு, மழை நின்றதும் மேலே காய்ந்து கிழங்காக மண்ணுக்குள் கிடக்கும். அதாவது வறட்சியைத் தாண்டத்தான் அதற்குக் கிழங்கே இருக்கிறது. மலை உயரமானதால் அந்த வறண்ட மாதங்கள் அங்கே குளிர்ந்த மாதங்கள். உங்களுக்கு வறண்ட மாதமும் கொதிக்கிற மாதமும் ஒன்றாகவே வருகிறது, சிக்கல் அங்கேதான். வெளிநாட்டு வீடியோவில் குளிரிலிருந்து காப்பாற்றச் சொல்வதை நீங்கள் சூட்டிலிருந்து காப்பாற்றுவது என்று மாற்றிக்கொண்டால் மீதி எல்லாம் பொருந்தும். இருட்டு, காய்ந்த இடம், முடிந்த வரை குளிர்ச்சி.

பங்குனி பிறந்ததும் தண்ணீரைக் குறையுங்கள். இலை மஞ்சளாகித் தொங்கியதும் தண்டை மண்ணிலிருந்து நான்கு அங்குலம் விட்டு வெட்டிவிட்டு, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். வெட்டிய பிறகு அடியில் கண், அதாவது முளை வருகிற இடம், கொஞ்சம் பருத்து வரும். அப்புறம் களைக்கொத்தைத் தண்டுக்குப் பக்கத்தில் போடாமல், ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் மண்ணை இளக்கி, கொத்தாக அடியோடு தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்கு தண்டோடு சேருகிற கழுத்து முறியும். கழுத்து முறிந்த கிழங்கு பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் முளைக்காது.

ஈரோட்டுக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மஞ்சளில் விரலியை ஒடித்து நட்டாலும் அதில் கணு இருக்கும், முளைத்துவிடும். டேலியாக் கிழங்கு அப்படிக் கிடையாது. கிழங்கின் உடம்பில் எங்குமே கண் இருக்காது, பழைய தண்டும் கிழங்கின் கழுத்தும் சேருகிற அந்த விளிம்பில் மட்டும்தான் இருக்கும். பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கோடும் அந்த விளிம்பு ஒரு துண்டாவது வர வேண்டும்.

ஆனால் இப்போதே பிரிக்காதீர்கள். உங்கள் வெயிலுக்குத் தனித்தனிக் கிழங்கு சுருங்கி நார் மாதிரி ஆகிவிடும், கொத்தாக இருந்தால் ஈரம் தாங்கும். தண்டு உள்ளே குழலாக இருப்பதால் தண்ணீர் தேங்கி அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும், ஆகவே எடுத்ததும் தலைகீழாக நிழலில் இரண்டு மூன்று நாள் கவிழ்த்து வையுங்கள். காயம் பட்ட இடத்தில் அடுப்புச் சாம்பலோ கந்தகத் தூளோ தடவினால் போதும்.


காங்கயத்துக்காரன்:

அண்ணன் சொன்னது மண்ணில் நட்டதற்குச் சரி. தொட்டியில் இருப்பதைத் தோண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. தொட்டிச் செடியின் கிழங்கு விரல் பருமன்தான் இருக்கும், மண்ணை விட்டு வெளியே எடுத்தால் சித்திரைக்குள் வற்றிவிடும். மேலே வெட்டிவிட்டுத் தொட்டியோடு வீட்டுக்கு வடக்குப் பக்கம் சுவரோரம், வெயிலே படாத இடத்தில் படுக்க வைத்துவிடுங்கள். நிமிர்த்தி வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் இடி மின்னலோடு ஒரு கோடை மழை கொட்டும் பாருங்கள், அந்த ஒரு மழை போதும், தூங்குகிற கிழங்கு சூட்டிலும் ஈரத்திலும் சேர்ந்து வெந்து அழுகிவிடும். படுக்க வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்காது.

கிழங்கை எடுத்து வைப்பவர்கள் தயவு செய்து அட்டாலியில் வைக்காதீர்கள். கூரைச் சூடு முழுக்க அங்கேதான் நிற்கும். தரையோடு தரையாக, சமையலறைக்கு எதிர்ப்பக்க அறை மூலையில், மண்பானையில் காய்ந்த ஆற்று மணலோ தேங்காய் நார்க்கழிவோ போட்டுப் புதைத்து வையுங்கள். ஒன்றிரண்டு கொத்துதான் என்றால் செய்தித்தாளில் சுற்றி, ஓட்டை போட்ட கவரில் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைக்கலாம். டேலியாக் கிழங்குக்கு நான்கிலிருந்து பத்து டிகிரி வரை தோதான குளிர், நம் வீட்டில் அது கிடைக்கிற ஒரே இடம் அதுதான். ஃபிரீசரில் வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் பழுக்கிற பழம் எதுவும் இருக்கக் கூடாது.


ஆனைமலை அடிவாரம்:

நார்க்கழிவு என்றதும் ஒரு வார்த்தை. பொள்ளாச்சிப் பக்கம் நார்மில்லில் இருந்து நேராக அள்ளி வருவதை அப்படியே உபயோகிக்க வேண்டாம், உப்பும் துவர்ப்பும் அதிகம் இருக்கும். இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகு கிழங்கைப் புதைப்பதற்கு வையுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் ஒட்டாமல் உதிர வேண்டும், அதுதான் பதம். மாதம் ஒரு தரம் தோண்டிப் பாருங்கள். மெத்தென்று அழுகியதை வெட்டி எறியுங்கள். ரொம்பச் சுருங்கியிருந்தால் மேலே இலேசாகத் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள்.

அக்காவுக்கு அந்தக் கருஞ்சிவப்புதான் முக்கியம் என்றால் கட்டிங்கைப் பற்றி இங்கே யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. ஒரு கொத்துக் கிழங்கிலிருந்து ஒரே பருவத்தில் இருபது செடி கூட எடுக்கலாம், எல்லாம் அதே பூ. ஆடிக் காற்று அடங்கட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில் இளம் தண்டு எதுவும் நிற்காது, அதனால் ஆவணியில் ஆரம்பித்தால் போதும். கிழங்குக் கொத்தை ஒரு அகலத் தொட்டியில் பாதி புதைந்தும் பாதி வெளியேயும் இருக்கிற மாதிரி ஈர நார்க்கழிவில் வைத்து, நிழல்வலைக்கு அடியில் விட்டுவிடுங்கள். கண் விழித்து முளை வரும். முளை மூன்று அங்குலம் வந்ததும், அடியில் ஒரு கணுவை விட்டுவிட்டு அதற்கு மேலே சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். விட்ட கணுவிலிருந்து இன்னும் இரண்டு முளை வரும், அதையும் வெட்டலாம். வெட்டிய துண்டில் கீழ் இலையைக் கிள்ளிவிட்டு, மணலும் நார்க்கழிவும் பாதிப் பாதி கலந்து குழித்தட்டில் நட்டு, ஈரம் காயாமல் நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும்.

இளம் முளையில்தான் வெட்ட வேண்டும். வளர்ந்த தண்டு உள்ளே குழலாகிவிடும், அதில் வேர் வராது, அழுகும். செடி நான்கு ஜோடி இலை விட்டதும் பக்கக் கிளைக்காக நுனியைக் கிள்ளுவோம் இல்லையா, அந்த நுனியும் கெட்டியாக இருந்தால் அதையும் நட்டுவிடலாம், வீணாக்க வேண்டாம்.

கட்டிங்கில் வந்த செடியும் அந்த வருடமே கிழங்கு வைக்கும். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் டேலியா கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். நம் ஊரில் மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரம்தான், ஆக பூவும் கிழங்கும் ஒரே சமயத்தில் நடக்கும். அந்த நேரத்தில் யூரியா மாதிரித் தழைச்சத்து போட்டால் இலை பெருக்கும், கிழங்கு தண்ணீராக இருக்கும், கோடை தாங்காது. தொழு உரமும் கொஞ்சம் சாம்பலும் போதும்.


விஜயமங்கலம் வாசல்:

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். தொட்டியைப் படுக்க வைப்பது எனக்குத் தோன்றவே இல்லை, இந்த வாரமே இடம் பார்த்துவிடுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். பேரூர் அக்கா, இதழ் உதிர்ந்த காய்க்கும் புது மொட்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, இரண்டும் பச்சையாகத்தான் இருக்கிறது, எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், ஒரு வெள்ளைச் செடியில் மட்டும் இலை நரம்பை ஒட்டி மஞ்சளாகக் கோடு ஓடுகிறது, செடியும் குட்டையாகவே நின்றுவிட்டது. சத்துக் குறைவா? அதன் கிழங்கையும் எடுத்து வைக்கலாமா?


பேரூர்ப் பொடக்காணி:

மொட்டு உருண்டையாக, மேலே தட்டையாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். காய் நுனி கூம்பி இருக்கும், இலேசாக மெத்தென்று அழுந்தும். ஒரு தரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது. சந்தேகம் இருந்தால் விதைக்கு விடுகிற பூவின் காம்பில் பூ மலர்ந்த அன்றே ஒரு நூலைக் கட்டிவிடுங்கள், அதில் தேதியும் எழுதி வைக்கலாம்.

காய் பச்சை மாறித் தாள் மாதிரிக் காய்ந்து பழுப்பானதும் காம்போடு வெட்டுங்கள். வெயில் செடியை முந்திக்கொண்டு போகிறது, காய் இன்னும் பழுக்கவில்லை என்றால் நீண்ட காம்போடு வெட்டித் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி உள்ளே வைத்துவிடுங்கள், பெரும்பாலும் முற்றிவிடும், தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்ததைப் பிரித்தால் உள்ளே வெளிர் நிறத்தில் சருகும் கறுப்பாக நீளத் தட்டை விதையும் கலந்து இருக்கும். நகத்தால் அழுத்தினால் நடுவில் பருப்பு தட்டுப்பட வேண்டும், வளைந்து மடிந்தால் பதர். நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் காகித உறையில் போட்டு, செடியின் நிறத்தை மேலே எழுதி, மூடிய டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் உடனே கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த வருடமே போட்டுவிடுவது நல்லது, நாளாக ஆக முளைப்பு குறையும்.

புரட்டாசி முதல் வாரத்தில் குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் விதையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். முதலில் வருகிற இரண்டு இலையைக் கணக்கில் எடுக்காமல், அதற்குப் பிறகு இரண்டு ஜோடி இலை வந்ததும் எடுத்து நடலாம். ஐப்பசி மழை பலமாக இருந்தால் மேட்டுப் பாத்தியில்தான் நட வேண்டும், தண்ணீர் நின்றால் நாற்றே அழுகும். விதைத்ததிலிருந்து மூன்றரை, நான்கு மாதத்தில் பூ, அதாவது பொங்கலை ஒட்டி. முதல் பூவைப் பார்த்து எந்தச் செடியையும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், முதல் பூ சிறியதாக, அரைகுறையாக வரும், மூன்றாவது நான்காவது பூவில்தான் அதன் உண்மையான உருவம் தெரியும். பிடித்துப்போனால் அதன் கிழங்கையும் அந்த வருடமே எடுத்து வைத்துவிடுங்கள், அதே பூ மறுபடி எந்த விதையிலும் வராது.


கோத்தகிரி மேடு:

வெள்ளைச் செடிக்கு: நரம்பை ஒட்டி மஞ்சள் கோடு, குட்டை வளர்ச்சி, இரண்டும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் மொசைக் வைரஸ். தழைச்சத்துக் குறைவில் மஞ்சள் அடி இலையில் தொடங்கி இலை முழுக்கப் பரவும், இப்படிக் கோடாக ஓடாது. வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது, அதன் கிழங்கு, கட்டிங் எல்லாவற்றிலும் கூடவே வரும். எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும் வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். அசுவினிப் பூச்சிதான் இதை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். பக்கத்துச் செடிகளின் குருத்தைத் திருப்பிப் பாருங்கள், கூட்டமாக இருந்தால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள், வெயிலில் அடித்தால் இலை கருகும்.

அந்தச் செடியை வெட்டிய கத்தியாலேயே கருஞ்சிவப்பை வெட்டிவிடாதீர்கள். கருஞ்சிவப்பை முதலில் எடுத்து, பெயர் எழுதிக் கட்டி உள்ளே வைத்துவிட்டு, வெள்ளையைக் கடைசியாகத் தொடுங்கள். கத்தியைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு எடுத்து வையுங்கள்.